ஆர்ட்டிகிள்ஷிப் முடியும் முன்பே வீட்டிலிருந்து கணக்கு வேலை எடுக்கலாமா? சட்டம் கோடு போடுவது எங்கே?

சிஏ இன்டர் பாஸ் செய்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணன் ஒருநாள் கூப்பிடுவார். "தம்பி, நீ ஆடிட்டருக்குத்தானே படிக்கிற? நம்ம ஜிஎஸ்டியை நீயே போட்டுக் கொடுத்துடேன். மாசம் ஏதாவது வாங்கிக்கோ." வீட்டில் லேப்டாப் இருக்கிறது, வேலையும் ஓரளவு தெரியும், கையில்தான் காசு இல்லை. "சரிண்ணே" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

அந்த 'சரி'க்குப் பின்னால் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. பயிற்சிக்காலம் 3 ஆண்டாக இருந்தபோது, 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள பெருநகரங்களில்கூட முதல் ஆண்டுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 4,000 ரூபாய் என்றுதான் வைத்திருந்தார்கள். சின்ன ஊர்களில் அதையும்விடக் குறைவு. பெங்களூரிலோ மும்பையிலோ பிஜி-யில் தங்கியிருப்பவருக்கு அது பஸ், சாப்பாட்டுக்கே பத்தாது. ஐந்து கடைக்காரர்கள் மாதம் 1,500 ரூபாய் கொடுத்தால் 7,500 ரூபாய் வருமே என்று மனசு கணக்குப் போடத்தான் செய்யும்.

ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் ஒரே கோடாகப் போடவில்லை. பலர் குழம்புவதும் மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

வேலை வேறு, கையெழுத்து வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணக்கு எழுதுவது, டேலியில் என்ட்ரி போடுவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்ப்பது, சம்பளப் பட்டியல் தயாரிப்பது, ஒருவரின் வருமான வரி ரிட்டர்னை அவருடைய லாகினிலேயே நிரப்பிக் கொடுப்பது, இதற்கெல்லாம் இந்தியாவில் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. பி.காம் முடித்த ஒருவர் இதை வீட்டிலிருந்து தொழிலாகவே செய்யலாம். பல ஊர்களில் 'கணக்குப்பிள்ளை' காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

லைசென்ஸ் தேவைப்படுவது கையெழுத்துக்கு. கம்பெனி ஆடிட், வருமான வரிச் சட்டப்படியான ஆடிட், பல வகைச் சான்றிதழ்கள் ஆகியவற்றில் பயிற்சித் தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர்தான் கையெழுத்திட முடியும். 1949-ம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. உறுப்பினர் அல்லாத ஒருவர் தன்னை சிஏ என்று காட்டிக்கொள்வது 24-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவை அபராதம். மறுபடியும் செய்தால் சிறைக்கும் வழி இருக்கிறது. சிஏ-வின் சார்பாக வேறு யாரும் தொழில்ரீதியான ஆவணத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறது 26-வது பிரிவு.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் விசிட்டிங் கார்டிலும் 'சிஏ (இன்டர்)' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அடிப்பவர்கள் உண்டு. படிக்கிறவர் கண்ணில் படுவது 'சிஏ' மட்டும்தான். அந்த வேலையே வேண்டாம்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவருக்கு ஏன் தனிச் சட்டம்?

விநோதம் இங்கேதான். பக்கத்து வீட்டு பி.காம் பட்டதாரி தாராளமாகச் செய்யக்கூடிய அதே வேலையை, அவரைவிட அதிகம் படித்த நீங்கள் செய்ய முடியாது. காரணம், ஆர்ட்டிகிள்ஷிப் என்பது வெறும் இன்டர்ன்ஷிப் இல்லை. அது உங்களுக்கும் உங்கள் பிரின்சிபலுக்கும் இடையே எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தம். அது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில், அதாவது ஐசிஏஐ-யில், பதிவாகி இருக்கிறது. 1988-ம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறைகளில் 65-வது விதி, பயிற்சிக் காலத்தில் கழகத்தின் அனுமதி இல்லாமல் வேறு தொழிலிலோ வேலையிலோ ஈடுபடக் கூடாது என்கிறது. குடும்பத் தொழிலில் பங்குதாரர் என்று பெயர் இருந்தால்கூட அனுமதி கேட்க வேண்டும். வேறு பட்டப் படிப்பு படிக்கவும் தனியாக ஒரு படிவம் நிரப்பி அனுமதி வாங்குகிறோமே, அதே தர்க்கம்தான்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல் என் வீட்டில் உட்கார்ந்து செய்கிறேன், அதில் ஆபீஸுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். வாரத்துக்கு 35 மணி நேரம் என்ற பயிற்சி நேரக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் விதி நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஈடுபடுவதைப் பற்றிப் பேசுகிறது. அப்பாவின் கடைக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுப்பதை யாரும் தொழில் என்று சொல்லப் போவதில்லை. ஐந்து பேரிடம் மாதக் கட்டணம் வாங்கினால் அது தொழில்தான். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பது அவரவருக்கே தெரியும்.

யாருக்குத் தெரியப்போகிறது?

ஜிபே-யில் மாதாமாதம் வரும் தொகை, ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் மொபைல் எண், கடைக்காரர் இன்னொருவரிடம் "நம்ம தம்பிதான் பாக்குறான்" என்று சொல்வது, இவ்வளவு போதும் தெரிவதற்கு. ஊரில் ஆடிட்டர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். கிளையன்ட் கை மாறும்போது பேச்சு எழும்.

புகார் போனால், விசாரித்து நடவடிக்கை எடுக்க ஒழுங்குமுறைகளில் இடம் இருக்கிறது. ஆர்ட்டிகிள் பதிவையே ரத்து செய்யலாம். அதுவரை செய்த பயிற்சிக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமலும் விடலாம். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சி 2 ஆண்டுதான். அதில் ஒன்றரை ஆண்டு காணாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாதம் 7,500 ரூபாயை அந்தப் பக்கத் தட்டில் வைத்துப் பார்த்தால் எடை புரியும்.

"சார் கையெழுத்துப் போட்டுடுவார்" என்ற பொறி

வீட்டுத் தொழில் கொஞ்சம் சூடு பிடித்ததும் ஒரு கிளையன்டுக்கு ஆடிட் தேவைப்படும், அல்லது பேங்க் லோனுக்கு சான்றிதழ் கேட்பார்கள். அப்போது தெரிந்த ஒரு ஆடிட்டரிடம் போய், "வேலையை நான் முடிச்சுத் தர்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், ஃபீஸைப் பாதியாப் பிரிச்சுக்கலாம்" என்று பேசுவது பல இடங்களில் ரொம்ப சாதாரணமாக நடப்பதாகச் சொல்வார்கள். சாதாரணமாக நடப்பதால் அது சரியாகிவிடாது.

சிஏ சட்டத்தின் முதல் அட்டவணையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இது வருகிறது. தன் பெயரில் வெளியாள் ஒருவர் சிஏ தொழில் நடத்த அனுமதிப்பது, கட்டணத்தில் அவருக்குப் பங்கு கொடுப்பது, தன் கையெழுத்துக்குரிய அறிக்கையில் வேறொருவரைக் கையெழுத்திட விடுவது, இவை எல்லாமே அந்த ஆடிட்டரின் தொழில் ஒழுங்கீனம். பொறியில் முதலில் விழுவது அவர்தான். 2019 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்ட யுடிஐஎன் என்ற 18 இலக்க எண், எந்தச் சான்றிதழை யார் எந்தத் தேதியில் கொடுத்தார் என்பதை ஆன்லைனில் யாரும் சரிபார்க்க வைத்துவிட்டது. பேங்க் மேனேஜர் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்து, ஆடிட்டருக்கு போன் செய்து, "எனக்கே தெரியாதே சார்" என்று பதில் வந்தால் அதன்பின் பேச்சு உங்களோடு நிற்காது, போலீஸ் வரை போகலாம்.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு. பிரின்சிபலின் கிளையன்டையே, "ஆபீஸ்ல கொடுக்கிறதைவிடக் கம்மியா நான் செஞ்சு தர்றேன்" என்று வீட்டுக்கு இழுப்பது. இதற்கு விளக்கக் கட்டுரை எழுதத் தேவையில்லை.

அப்படியானால் எப்போதுதான் தொடங்கலாம்?

65-வது விதி பயிற்சிக் காலத்துக்குத்தான். அதற்கு முன்னும் பின்னும் ஜன்னல்கள் இருக்கின்றன. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள் பதிவு செய்வதற்கு முந்தைய மாதங்கள் ஒன்று. இரண்டு ஆண்டு பயிற்சி முடிந்து ஃபைனல் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் இன்னொன்று. புதிய திட்டத்தில் அந்த இடைவெளி குறைந்தது ஆறு மாதம். ஃபைனலில் ஒரு குரூப் தள்ளிப்போய் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இன்னும் நீளும். அந்தக் காலத்தில் நீங்கள் சட்டத்தின் பார்வையில் பக்கத்து வீட்டு பி.காம் பட்டதாரி மாதிரிதான். கணக்கு வேலை எடுக்கலாம், கட்டணம் வாங்கலாம். சிஏ என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அதை முறையாகச் செய்ய விரும்பினால் ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்ற வழி நல்லது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 83-வது விதி இதற்கானது. காமர்ஸ், சட்டம், வங்கியியல், பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் போன்ற பட்டம் இருந்தால் போர்ட்டலில் பிசிடி-01 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அதன்பின் நாசின் எனப்படும் தேசியப் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். பதிவானதும் கிளையன்ட் போர்ட்டலில் உங்களைத் தேர்வு செய்து அதிகாரம் கொடுப்பார். உங்கள் லாகினிலிருந்தே அவருடைய ரிட்டர்னைத் தாக்கல் செய்யலாம். ரீஃபண்ட் கேட்பது, பதிவை ரத்து செய்வது போன்ற விண்ணப்பங்களுக்கு மட்டும் கிளையன்டின் ஒப்புதல் தனியாகப் போக வேண்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கத்தைவிட இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

கவனிக்க வேண்டிய ஒரு திருப்பம். ஃபைனல் பாஸ் செய்து ஐசிஏஐ உறுப்பினர் ஆன நாளில் இந்த ஜன்னல் மூடிக்கொள்ளும். உறுப்பினர் ஒருவர் கட்டணத்துக்குக் கணக்கு அறிக்கை தயாரித்துக் கொடுத்தாலே அது 'பிராக்டிஸ்' என்கிறது சட்டத்தின் 2(2) பிரிவு. அதற்கு 6-வது பிரிவின்படி சிஓபி எனப்படும் தொழில் சான்றிதழ் வேண்டும். நேற்று வரை எந்தச் சான்றிதழும் இல்லாமல் செய்த வேலைக்கு இன்று முதல் சான்றிதழ் தேவை. இதைத் தெரியாமல் பழைய கிளையன்ட்டுகளை அப்படியே தொடர்பவர்கள் உண்டு.

வீட்டிலிருந்து நடத்தும்போது எங்கே அடி விழும்?

ஜன்னல் காலத்தில் சட்டப்படியே தொடங்கினாலும் சில குழிகள் இருக்கின்றன. பெரிய குழி, கிளையன்டின் ஜிஎஸ்டி பதிவிலும் வருமான வரிக் கணக்கிலும் உங்கள் மொபைல் எண்ணையும் இமெயிலையும் போடுவது. "ஓடிபி-க்கு ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட வேண்டாமே" என்ற வசதிக்காகத்தான் எல்லோரும் செய்கிறார்கள். பிறகு அந்தக் கடைக்காரர் போலி பில் போட்டு உள்ளீட்டு வரி எடுத்திருப்பது தெரியவந்தால், அதிகாரி முதலில் அழைக்கும் எண் உங்களுடையது. துறை அனுப்பிய நோட்டீஸ் கிளையன்டுக்கே போய்ச் சேராமல், நீங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாதத்தில் உங்கள் இன்பாக்ஸில் கிடந்து, பதில் தேதி போய்விட்டால் அதற்கும் பொறுப்பு யார்? எண் அவருடையதாகவே இருக்கட்டும். ஓடிபி கேட்டு நாலு தடவை போன் செய்வது பரவாயில்லை.

அடுத்தது, ரீஃபண்ட் ஆசை. சம்பளக்காரர் ஒருவர் வந்து, "போன வருஷம் பார்த்தவர் எழுபதாயிரம் வாங்கிக் கொடுத்தார், நீங்க எவ்வளவு வாங்கித் தருவீங்க?" என்று கேட்பார். கட்டாத வாடகையை, கொடுக்காத அரசியல் நன்கொடையை, இல்லாத கல்விக் கடனை எழுதினால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கித் தரலாம்தான். 2025 ஜூலையில் வருமான வரித்துறை இப்படி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக இமெயில்கள் உருவாக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டதையும் துறை சுட்டிக்காட்டியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த 40,000 பேரில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு 'தம்பி' இருந்திருப்பான் என்று சொல்ல முடியாது. ஆனால் நோட்டீஸ் வந்தவர் முதலில் தேடுவது ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரைத்தான். பொய் ரிட்டர்னுக்கு உடந்தையாக இருப்பதும் குற்றம்தான்.

மூன்றாவது, காலண்டர். டிடிஎஸ் 7-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதி. கடைக்காரர் பர்ச்சேஸ் பில்லை 19-ம் தேதி இரவு பையோடு கொண்டுவந்து கொடுப்பார். அது இந்தியா முழுவதும் ஒரே மாதிரி. தாமதமானால் 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி எதுவும் இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. மாதம் 1,500 ரூபாய் வாங்குபவர், பத்து நாள் தாமதத்துக்கு 500 ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டிக் கொடுத்து நல்ல பெயர் எடுப்பதும் நடக்கிறது. அதைத் தவிர்க்க ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன வேலை, என்ன கட்டணம், பில்களை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் தாமதக் கட்டணம் யாருடையது. தெரிந்தவர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். தெரிந்தவரிடம்தான் இது அதிகம் தேவைப்படும்.

மென்பொருள் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. டேலியின் கல்விப் பதிப்பில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி போட முடியும். அதை வைத்துத் தொழில் நடக்காது. கிராக் செய்த பதிப்பு வேண்டாம். ஒரு வைரஸ் வந்தால் ஐந்து கடைகளின் மூன்று வருடக் கணக்கும் போய்விடும். தொடங்குகிற காலத்தில் கிளையன்டையே லைசென்ஸ் வாங்கச் சொல்லி, அவர் கடை கம்ப்யூட்டரில் கணக்கை வைத்திருப்பது எல்லா வகையிலும் நல்லது. தரவும் அவரிடமே இருக்கும். பான், ஆதார் நகல்கள் உங்கள் போன் கேலரியில் அம்மாவின் பிறந்தநாள் போட்டோவுக்குப் பக்கத்தில் கிடப்பதும் நிற்கும்.

உங்கள் சொந்த வரி?

ஊருக்கெல்லாம் ரிட்டர்ன் போடுபவர் தன் ரிட்டர்னை மறப்பது இந்தத் தொழிலில் பழைய நகைச்சுவை. வீட்டிலிருந்து வரும் கட்டணமும் வருமானம்தான். கணக்கியல் தொழில், 44ஏடிஏ என்று நாம் பழகிய உத்தேச வரி முறைக்குள் வருகிறது. மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் தனியாகப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. மனப்பாடம் செய்த எண்களை வைத்து விண்ணப்பம் எழுதாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு, சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் (சில சிறப்பு மாநிலங்களில் 10 லட்சம்). ஐந்து கடைக்காரர்களை வைத்துக்கொண்டு அந்தக் கவலை இல்லை.

சிஏ ஆன பிறகு வீடே ஆபீஸ் ஆகலாமா?

ஆகலாம். சிஓபி வாங்கி, வீட்டு முகவரியையே தொழில் முகவரியாகக் கொடுத்துத் தொடங்கியவர்கள் ஏராளம். நிறுவனத்துக்குப் பெயர் வைப்பதற்கு ஐசிஏஐ-யின் ஒப்புதல் வேண்டும். இரண்டாவது ஆபீஸ் திறந்தால் அதற்குப் பொறுப்பாக இன்னொரு உறுப்பினர் இருக்க வேண்டும் என்கிறது 27-வது பிரிவு. கம்பெனி ஆரம்பித்து சிஏ தொழில் செய்ய முடியாது. 25-வது பிரிவு அதைத் தடுக்கிறது. வேறொரு ஆடிட்டர் பார்த்துவந்த ஆடிட்டை ஏற்கும் முன் அவருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். புதிய திட்டத்தில் 2 ஆண்டு பயிற்சி முடித்தவர்கள், சிஓபி-க்கான அனுபவ நிபந்தனைகளை விண்ணப்பிக்கும் முன் ஐசிஏஐ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விளம்பர விதிகளும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமில் ரீல் போடும் முன் அப்போதைய நெறிமுறையைப் படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே நாலு கிளையன்ட் எடுத்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் சிலருக்கு உண்மையான கேள்வி இதுதான். ஆர்ட்டிகிள்ஷிப் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ரிட்டர்ன் தேதிக்கு முன் வேலையைக் கை மாற்றுங்கள். பாதி மாதத்தில் விட்டால் தாமதக் கட்டணம் அவர் தலையில் விழும். கணக்கு ஃபைல்கள், தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் நகல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். போர்ட்டலில் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு அவருடையதைச் சேர்க்க உதவுங்கள். பாஸ்வேர்டை உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். பிரின்சிபலிடம் நீங்களாகப் போய்ச் சொல்வது கஷ்டமான காரியம்; ஆனால் மற்றவர் வாயால் அவர் கேள்விப்படுவதைவிட அது எவ்வளவோ மேல். பல பிரின்சிபல்கள் அந்தக் கிளையன்டை ஆபீஸ் வழியாக எடுத்து, வேலையை உங்களிடமே கொடுப்பார்கள். கட்டணம் ஆபீஸுக்குப் போகும், அனுபவம் உங்களிடம் இருக்கும்.

மெடிக்கல் ஷாப் அண்ணனிடம், "இப்ப எங்க சார் ஆபீஸ்ல போட்டுக்கலாம்ணே, நான் முடிச்சு வந்ததும் நானே பாக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றரை வருஷம் அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. கடை அங்கேயேதான் இருக்கும்.